கடிகாரம் எவருடையது?

விலை கொடுத்து வாங்கிய கைக்கடிகாரம் வாங்கியவருக்கே உரியது என்பீர். பெபிள் என்னும் ஸ்மார்ட் கடிகாரத்தை வாங்கினோரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். 2012-ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாக அவர்கள் நல்கிய முன்பணம் ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்டதாகும். 2016-இல் அந்நிறுவனம் மூடப்பட்டு, மென்பொருள் ஃபிட்பிட் வசமாயிற்று; 2018-இல் இணையச் சேவைகளும் நின்றன. மணிக்கட்டிலிருந்த பொறியோ பழுதற்றது! ரிபிள் என்னும் தன்னார்வலர் குழுவினர் அச்சேவைகளுக்கு மாற்று அமைத்தனர். எனினும், கடிகாரத்தை உள்நின்று இயக்கும் நிரல், உடையவரும் திறக்கவியலாப் பேழையாகவே கிடந்தது. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் மூலநிரலின் பெரும்பகுதியை வெளியிட்டது. நன்றே, ஆயினும் அஃது ஈகையாய் வந்ததேயன்றி, வாங்கினோர் உரிமையாய் வந்ததன்று. இதுவே எம் வழக்கு. பைன்டைம் கடிகாரத்தின் இன்ஃபினிடைம் நிரலையோ எவரும் இன்றே படிக்கலாம், திருத்தலாம். ஒருவர் வாயிலிலும் காத்து நிற்கவேண்டுவதில்லை.