பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே ஒரு முதல் கார்

காட்கோபரிலிருந்து தெற்கே இரண்டு ரயில் நிலையங்கள் தள்ளியிருக்கிறது குர்லா. வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை அங்கேதான் இயங்கியது. ஃபியட் 1100 காரும் அதன் வழிவந்த பிரீமியர் பத்மினியும் அந்த ஆலையிலிருந்து வெளிவந்தவை. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வரம்பின்படி, 2023 அக்டோபர் 30 முதல் அது வாடகைக்கு ஓடும் தகுதியை இழந்தது. அன்று வெளிவந்த பிரியாவிடைக் கட்டுரைகள் பெரும்பாலும் கறுப்பு மஞ்சள் நிறத்தையும் கடந்தகால ஏக்கத்தையும் பேசின. அந்தக் காரோடு ஒரு கல்விமுறையும் விடைபெற்றது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. கொள்ளளவு கொண்டது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், பெட்ரோல் பம்பு ஆகிய அனைத்தும் பானட்டைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஏறத்தாழ ஒரே வடிவமைப்பு பல பதிற்றாண்டுகள் நீடித்தமையால் ஒரு காரின் உறுப்பு இன்னொரு காருக்குப் பொருந்தியது. காயலான் கடையில் கிடந்த உதிரிபாகமும் பயன்பட்டது. ஸ்பானர் செட்டும் பொறுமையும் உள்ள எவரும் அந்த எஞ்சினைப் படிக்க முடிந்தது.

‘படிக்க’ என்ற சொல் இங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. தமிழில் இயந்திரத்தைச் செப்பனிடுவதைப் ‘பழுதுபார்த்தல்’ என்கிறோம். வினை ‘பார்த்தல்’, பழுது அதன் செயப்படுபொருள். நீக்குவதற்கு முன்பு காண வேண்டும் என்ற வரிசை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிளம்ப மறுக்கும் பழைய கார் ஒன்றின் முன் நிற்கும் பதினாறு வயதினர் செய்ய வேண்டியதும் அதுவே. பெட்ரோல் கார்புரேட்டர் வரை வருகிறதா? பிளக்கில் பொறி விழுகிறதா? பிளக்கின் முனை ஈரமாக இருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? ஈரமென்றால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. கரியென்றால் பெரும்பாலும் பெட்ரோல் மிகுதி. வெளுப்பென்றால் பெட்ரோல் குறைவாகவோ வெப்பம் மிகுதியாகவோ இருக்கலாம். கருதுகோள், சோதனை, விலக்கல், மீண்டும் சோதனை என நீளும் இவ்வரிசையை ஆய்வுமுறையியல் வகுப்பில் கற்பிக்க நாம் ஒரு பருவம் முழுவதையும் செலவிடுகிறோம். எஞ்சினோ தவறான கருதுகோளை அந்த நொடியிலேயே நிராகரித்துவிடும். அதனிடம் சிபாரிசு எடுபடாது.

இக்கல்விக்குத் தமிழ் மண்ணில் தக்க முன்னோடி ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பை முடிக்காத அவர், இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவுவிடுதியில் பரிமாறுபவராக வேலைபார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியதே அவர் பயின்ற பொறியியல் வகுப்பு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பப் பயிலகம் உருவாகவும் காரணமானார். அவருடைய முதல் வண்டி இன்னொருவர் ஓட்டிய பழைய வண்டி என்பது இங்கே கருதத்தக்கது. புத்தம்புதிய வண்டியைக் கழற்றிப் பார்க்கும் துணிவு எளிதில் வராது. கழற்றுவதற்கான அனுமதியைப் பழைமைதான் தருகிறது.

ஆகவே பதின்பருவத்தினர் ஒருவரின் முதல் கார் ஓட்டுவதற்குரியதாக இருக்க வேண்டியதில்லை. திறந்து பார்ப்பதற்குரியதாக இருந்தால் போதும். 18 வயது நிரம்பாதவர் பொதுச்சாலையில் கார் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. 2019இல் வந்த திருத்தம், சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. இக்கண்டிப்பு நியாயமானது. மேலும், 2014 ஜூனில் வெர்சோவா மெட்ரோ தொடங்கிய பின், காட்கோபர் இளைஞருக்கு அந்தேரி செல்லக் கார் தேவையுமில்லை. பயணம் என்ற காரணம் விலகும்போது கல்வி என்ற காரணம் தெளிவாகத் தெரிகிறது.

இதற்குரிய கார் எங்கே கிடைக்கும் என்று தேடும்போதுதான் நமது கொள்கையின் இடைவெளி புலப்படுகிறது. தனியார் கார் ஒன்றின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 20 ஆண்டுகளைக் கடந்த காருக்கு அது 10,000. மராட்டியத்தில் இதன்மேல் பசுமை வரியும் உண்டு. மறுபுறம், 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் காரை 2021ஆம் ஆண்டு விதிகள் பாரம்பரிய வாகனமாக ஏற்றுத் தனி எண்வரிசை வழங்குகின்றன. ஐம்பதைக் கடந்த கார் செல்வரின் சேகரிப்பு. பதினைந்துக்கு உட்பட்ட கார் நடுத்தர வர்க்கத்தின் உடைமை. இரண்டுக்கும் இடைப்பட்ட கார்தான் எளியவர் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது, பழுதுபார்த்துப் பயில உகந்தது. நமது விதிகள் அதனை உடைப்பு ஆலையை நோக்கியே தள்ளுகின்றன.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. பழைய கார் காற்றை மாசுபடுத்துகிறது. காற்றுப்பை முதலிய பாதுகாப்பு வசதிகள் அதில் இல்லை. மூச்சுத் திணறும் ஒரு நகரத்தில் பழைய வாகனங்களை நாள்தோறும் சாலையில் ஓட்ட வேண்டுமென்று யாரும் கோர இயலாது. ஆனால் சாலையிலிருந்து நீக்குவதும் பயன்பாட்டிலிருந்து அழிப்பதும் ஒன்றல்ல. பயிற்சிக்கூடத்தில் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் இயங்கும் எஞ்சின் நகரத்தின் காற்றைக் கெடுத்துவிடாது.

புதிய கார்களிலேயே இதைக் கற்கலாமே என்றும் கேட்கலாம். புதிய காரின் பழுதைக் கணினிக் கருவி சொல்கிறது. அக்கருவியும் தொழில்நுட்பக் கையேடும் உற்பத்தியாளரின் பிடியில் இருக்கின்றன. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நடுவண் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. உரிமை ஏட்டில் வந்தாலும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த தலைமுறை இல்லையெனில் அது ஏட்டிலேயே தங்கிவிடும். எழுத்தறியாதவருக்கு நூலகத்தைத் திறந்துவைப்பது போன்றது அது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டறைக் கல்வியைப் போற்றும்போது, வறுமையால் ஸ்பானர் பிடிக்க நேர்ந்த சிறுவர்களை மறந்துவிடக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டோரைப் பணியமர்த்துவதை 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடைசெய்தது சரியே. அச்சிறுவன் இழந்தது பள்ளி. பள்ளிக்குச் சென்றவன் இழந்தது பட்டறை. ஒருவனுடைய அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. மற்றவனுடைய சான்றிதழுக்குக் கைப்பழக்கம் இல்லை. கையையும் கருத்தையும் சாதிவாரியாகப் பிரித்துவைத்த சமூகத்தில் இந்தப் பிளவு தற்செயலானதன்று. கிரீஸ் படிந்த கையை அறிவின் அடையாளமாகக் காண மறுக்கும் கண்ணுக்கே முதலில் பழுதுபார்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர் பத்து நாட்கள் புத்தகப்பையின்றி உள்ளூர்க் கைவினைஞரிடம் பயில வேண்டும் என்கிறது. அது சுட்டும் எடுத்துக்காட்டுகளில் தச்சர், தோட்டக்காரர், குயவர் உண்டு, மெக்கானிக் இல்லை. அப்பட்டியலில் அவரையும் சேர்ப்பது முதற்படி. உடைப்பு ஆலைக்குச் செல்லும் கார்களில் செம்மையானவற்றைப் பதிவு நீக்கி, பள்ளிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பயிற்சிப் பொருளாக வழங்குவது இரண்டாம் படி. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளை மதிப்பூதியத்துடன் அங்கே ஆசிரியர்களாக அமர்த்துவது மூன்றாம் படி. குர்லாவிலும் காட்கோபரிலும் தாராவியிலும் அத்தகையோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. அவர்களுக்குப் பின் அதைக் கேட்டறிய எவரும் இருக்கமாட்டார்கள். காரை உருக்கினால் இரும்பாவது மிஞ்சும்.