பில் இருக்கா சார்?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராசசர் நல்லது?" என்பதுதான். "எந்தக் கடை நல்லது?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வி பழுது வந்த பிறகுதான் வருகிறது.

என் முதல் கம்ப்யூட்டரைத் தெருமுனையில் இருந்த ஒரு சிறிய கடையில் அசெம்பிள் செய்து வாங்கினேன். நான்காவது மாதம் எஸ்.எம்.பி.எஸ். புகைந்து போயிற்று. (உள்ளே இருக்கும் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி அது.) போன் செய்தேன். மாலையில் கடைக்காரரே ஸ்கூட்டரில் வேறொன்றைக் கொண்டு வந்து மாட்டினார். "கம்பெனியிலிருந்து மாற்று வரும் வரை இது ஓடட்டும் சார்" என்றார். அதற்குப் பின் பத்துப் பேரையாவது அங்கே அனுப்பியிருப்பேன்.

கடை மூன்றாக வளர்ந்தது. மூன்றாம் ஆண்டில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போய் அங்கே போனேன். கையில் டோக்கன் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்த பையன் தலை நிமிராமல் கேட்டான்: "பில் இருக்கா சார்?" வீடு மாறியதில் பில் தொலைந்திருந்தது. பெயர், வாங்கிய மாதம் எல்லாம் சொன்னேன். அவர்களிடம் எந்தப் பதிவும் இல்லை. டிஸ்க்கில் இருந்த சீரியல் எண்ணை அதைத் தயாரித்த கம்பெனியின் இணைய தளத்தில் கொடுத்துப் பார்த்தபோதுதான், வாரண்டி இன்னும் ஐந்து மாதம் பாக்கி என்று தெரிந்தது.

பையன் மேல் தப்பில்லை. வாடிக்கையாளர்கள் எல்லாரும் முதலாளியின் தலைக்குள்தான் இருந்தார்கள். புதுக் கிளைக்கு அவர்களை யாரும் கொண்டு போகவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1991-ல் "இன்டெல் இன்சைடு" விளம்பரத்தைத் தொடங்கும் வரை, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இன்டெல்லுக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. சிப்பை வாங்குபவை கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகள். விளம்பரத்துக்குப் பின் நம்மைப் போன்றவர்களும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினோம். 1994-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளில் தவறு செய்வதைக் கண்டுபிடித்தார். உங்கள் கால்குலேட்டரில் 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, வரும் விடையை மீண்டும் 3145727-ஆல் பெருக்கிப் பாருங்கள். பழைய எண்ணே வரும். பழுதான பென்டியத்தில் 256 குறைந்தது.

சாதாரணமாக ஸ்பிரெட்ஷீட் பயன்படுத்துபவருக்கு இந்தத் தவறு 27,000 ஆண்டுகளில் ஒருமுறைதான் வரும் என்றது இன்டெல். தேவை இருப்பவர்களுக்கு மட்டுமே சிப்பை மாற்றித் தருவோம் என்றும் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் காசு கொடுத்தவனிடம், "உனக்கு நல்ல சிப் எதற்கு?" என்று கேட்டது போலாகிவிட்டது. டிசம்பரில் ஐ.பி.எம். அந்த சிப் உள்ள கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று இன்டெல் மன்னிப்புக் கேட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர முன்வந்தது. செலவு 47.5 கோடி டாலர்.

நம் ஊர்க் கடைக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஒரு எக்ஸெல் ஷீட் போதும். பெயர், போன் எண், விற்ற தேதி, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண், வாரண்டி முடியும் நாள். எல்லாக் கிளைகளும் அதே ஷீட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடைகள் நம் போன் எண்ணை வாங்கி என்ன செய்கின்றன? தீபாவளி, பொங்கல் தள்ளுபடி மெசேஜ் தவறாமல் வருகிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதை முன்கூட்டியே சொல்லி உங்களை அழைத்த கடை எத்தனை? "உங்கள் டிஸ்க் வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது, ஒருமுறை சோதித்துவிடலாமா?" என்று கேட்டவர் உண்டா? எனக்கு ஒருவர்கூட இல்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் பில்லில் சீரியல் எண்களை எழுதச் சொல்லுங்கள். செல்போனில் அதைப் படம் எடுத்து வையுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நூறு ரூபாய் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த முதலாளியை அண்மையில் பார்த்தேன். "ஆன்லைன்காரன் வியாபாரத்தைக் கெடுத்துட்டான் சார்" என்றார். ஆன்லைனில் நான் என்றோ வாங்கிய கீபோர்டின் பில்கூட இன்னும் என் கணக்கில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.