ஹாலுக்குள் ஓர் அருவி

எங்கள் தெருவில் இந்த ஆறு மாதத்தில் மூன்று வீட்டுக்குள் அருவி வந்துவிட்டது. குடத்தோடு காத்திருந்து பழகிய கரிசல் ஊரில், ஹால் சுவர் முழுக்க த்ரீ டி ஒட்டுப்படமாகக் கொட்டுகிறது. மூன்றாவது, என் மகன் வீடு.

அந்த ஹால் 9 அடி அகலம், 22 அடி நீளம். ரயில் பெட்டிதான். பாகம் பிரிக்கும்போது மனையை நீளவாக்கில் கோடு போட்டால் இப்படித்தான் அமையும். அலங்காரத்துக்கு வந்தவர்கள் கரும்பச்சை அருவியை நீளச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்பதரை அடி உயரத்தில் இருந்த மேல்தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து ஓர் அடியைக் குறைத்தார்கள். ரூ.35,000. "ஹால் பெரிசாத் தெரியும் ஐயா" என்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தோள் இடிக்கிற மாதிரி இருக்கிறது.

அடர்ந்த நிறம் சுவரைக் கிட்டே இழுக்கும், வெளிர் நிறம் தள்ளி வைக்கும். ஆகவே நீளச் சுவர் இரண்டுக்கும் வெளிர் கிரீம், கடைசியில் இருக்கிற குட்டைச் சுவருக்குச் செங்கல் நிறம், மேலே வெள்ளை. நீளம் குறைந்து அகலம் கூடின மாதிரி தெரியும். செலவு பெயிண்ட் டப்பாவும் இரண்டு நாள் கூலியும்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ஓய்வுக்குப் பிறகு மாமனார் ஊரே என் ஊர் என்று வந்தவன். "வெள்ளைக்காரன் யோசனையா?" என்று மச்சினர் கேலி செய்கிறார். ஆமாம், பிற்பாடு சண்டிகருக்குத் திட்டம் போட்ட லெ கொர்புசியே, 1926-இல் போர்தோ பக்கம் பெசாக்கில் தொழிலாளர் குடியிருப்பு கட்டினார். வீடுகள் நெருக்கமாகத் தெரியக்கூடாது என்று சில வரிசைகளுக்கு வெளிர் நீலம் பூசினார். ஆனால் கண்ணை ஏமாற்றும் வித்தைக்கு அவ்வளவு தூரம் போவானேன்? நம் வெட்டுவான் கோவில் விமானத்தைப் பாருங்கள். தளம் மேலே போகப் போகச் சிறுக்கும், கண் அதை உயரம் என்று எடுத்துக்கொள்ளும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிக்குத் தெரிந்தது இது.

நான் வேலை பார்த்த ஆபீசில் மேல்தளம் வெகு உயரம். நாலடி வரை கரும்பச்சை, அதற்கு மேல் வெள்ளை. தலை எண்ணெய்க் கறைக்காகப் பூசியது என்பார்கள். இருக்கட்டும், அந்தக் கோட்டில் கண் நின்றதால்தான் கிணற்றுக்குள் உட்கார்ந்த எண்ணம் வரவில்லை. உயரமான பழைய வீட்டுக்கு அது பொருந்தும். மகன் வீட்டுக்குப் பொருந்தாது.

கடைசியாக என் சொந்தச் சண்டை. என் வீட்டுக்காரி படத்தை அருவி ஒட்டுவதற்காகக் கழற்றி, வாசல்நிலைக்கு மேலே, சீலிங்கை ஒட்டி மாட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் உயரத்தில் மாட்டினாலும் படத்தை முன்பக்கம் சாய்த்துக் கட்டுவார்கள், கீழிருந்து முகம் தெரியும். இது சுவரோடு ஒட்டி நிற்கிறது. அண்ணாந்தால் எனக்குக் கழுத்து வலி, கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம். தரையிலிருந்து ஐந்தடியில், அந்தக் குட்டைச் சுவரின் நடுவில் மாட்டச் சொன்னேன். "யோசிக்கலாம்ப்பா" என்றான்.

பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஆணி அடிக்கும் இடத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டேன்.