அழகான வீடும் அடிமைக் குடித்தனமும்

இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாவில் மில்டன் அப்பாஸ் என்றொரு கிராமம். ஒரே அச்சில் வார்த்தாற்போல் வெள்ளையடித்த கூரை வீடுகள் தெருவின் இருமருங்கிலும் நிற்கின்றன. "என்ன அழகு! எவ்வளவு தர்மவான் கட்டியது!" என்று மெச்சுவோர் உண்டு.

நாம் கேட்பதெல்லாம், அவை ஏன் கட்டப்பட்டன என்பதேயாகும். ஜோசப் டேமர் என்னும் மில்டன் பிரபு 1752-இல் அந்த எஸ்டேட்டை வாங்கினார். மாளிகைக்குப் பக்கத்திலேயே சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள பழைய ஊர் இருந்தது. அது பிரபுவின் கண்ணை உறுத்திற்று. ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கி, 1780-ஐ ஒட்டி, மாளிகையின் பார்வையில் படாத பள்ளத்தாக்கில் 36 வீடுகள் கட்டினார். வெளியே ஒரு வீடு. உள்ளே இரண்டு குடும்பங்கள்! இதுதானா தர்மம்?

வீட்டைக் காலி செய்ய மறுத்த வக்கீல் ஹாரிசன் வழக்காடி ஜெயித்ததாகச் சொல்லுவார்கள். ஆனால் கூலியும் குடிசையும் ஒரே எஜமானன் கையில் இருக்கும்போது பண்ணையாள் என்ன செய்வான்? வேலை போனால் வீடும் போகும். வாய் திறந்தால் இரண்டும் போகும். அதே ஜில்லாவில் டால்பட்டில் கூலிகள் 6 பேர் 1834-இல் சங்கம் சேர்ந்து பிரமாணம் எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். வேலை நின்றாலும் பண்ணையாளை வீட்டிலிருந்து இஷ்டப்படி துரத்தலாகாது என்ற சட்டம் 1976-இல்தான் வந்தது.

பழைய வீடுகளைக் காப்பாற்றட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால், கட்டியவன் பெயரைச் சொல்லுகிறவர்கள் இடிக்கப்பட்ட ஊரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கூரையின் அழகு, அதன் கீழிருந்தவனின் சுதந்திரத்துக்கு அத்தாட்சியாகாது.