இலவசமாக வரும் தரகர்

சென்னையில் ஆறு கோடி ரூபாய்க்கு அடுக்ககம் வாங்கப் போகிறவரின் காதில் முதலில் விழும் இனிப்பான வாக்கியம், "எங்களுக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம் சார்" என்பதுதான். இதே ஊரில், திருவல்லிக்கேணியில் பதினைந்தாயிரம் ரூபாய் வாடகைக்கு வீடு தேடுகிறவர், சாவி கைக்கு வருமுன் ஒரு மாத வாடகையைத் தரகரிடம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். முணுமுணுத்தால் அடுத்த பார்ட்டி தயாராக நிற்கும். ஆறு கோடிக்காரருக்கோ வாசலுக்கே கார் வருகிறது. சைட்டில் இறங்கினால் ஃபில்டர் காபி, குழந்தைக்கு ஜூஸ், அம்மாவுக்கு உட்கார சாய்வு நாற்காலி. எல்லாம் இலவசம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கமிஷனைக் கட்டுமான நிறுவனம் தருகிறது. இரண்டு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு கோடிக்குப் பன்னிரண்டு லட்சம். அந்தப் பன்னிரண்டு லட்சம் சதுர அடி விலைக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதில்கூட எனக்கு வருத்தமில்லை. எந்தக் கடையிலும் விற்பவருடைய சம்பளம் நம் பில்லில்தான் இருக்கிறது. உறுத்துவது வேறொன்று. யார் கமிஷன் தருகிறாரோ அவருடைய ஆள்தான் தரகர். காரில் பக்கத்து சீட்டில் வருவதால் மட்டும் நம் ஆளாகிவிட மாட்டார்.

பழைய தரகர்களை நினைத்துப் பார்க்கிறேன். மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் அவர்களுக்கு அலுவலகம் என்பது டீக்கடை பெஞ்சு. டிவிஎஸ் 50, ரெக்சின் பை, ஓரம் கிழிந்த டைரி. வாங்குபவரிடம் இரண்டு சதவீதம், விற்பவரிடம் இரண்டு. பேரம் பேசினால் ஒன்றுக்கும் இறங்குவார்கள். இரண்டு பக்கமும் வாங்கியதால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் பயப்பட வேண்டியிருந்தது. எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு ஓடுகிறது, எந்த மொட்டைமாடி அறைக்கு அனுமதி இல்லை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

அவர்களைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. "பார்ட்டி வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்துதான் வரும். சாப்பாட்டைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்பது. இஸ்லாமியப் பெயர் என்றால், "அந்த வீடு நேத்தே முடிஞ்சிடுச்சே." வீட்டுக்காரர் தானே சொல்லக் கூசியதை இன்னொருவர் வாயால் சொல்ல வைப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு சதவீதம். இன்றைய சொகுசு அணி இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "லைக் மைண்டட் கம்யூனிட்டி சார்" என்று பதிலை மட்டும் சொல்லிவிடுகிறது.

ஆம், இப்போது வருவது அணி. முதலில் போனில் பேசும் பெண். உங்கள் பட்ஜெட்டைக் கறந்துகொண்டு சைட் விசிட்டுக்கு நாள் வாங்குவது அவர் வேலை. அடுத்தவர் கூட்டிக்கொண்டு போவார். மூன்றாமவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கட்டடத்தின் மீது லேசர் புள்ளியை ஓடவிட்டு, நீச்சல் குளம், யோகா மேடை, நாய் உலாவும் பாதை என்று காட்டுவார். கடைசியில் தனி அறையில் 'க்ளோசிங்' மேனேஜர். விலையைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு, அல்லது அப்படி நமக்குச் சொல்லப்படும். வங்கிக் கடனுக்கு ஓர் ஆள். அமெரிக்கா வாடிக்கையாளருக்காக ராத்திரி விழித்திருக்க ஓர் ஆள்.

இவர்கள் போக, வெளியிலிருந்து வாடிக்கையாளரைப் பிடித்து வரும் தரகு நிறுவனங்களும் உண்டு. அவர்களுக்கு 'சேனல் பார்ட்னர்' என்று பெயர். ஒரே கோபுரத்தைப் பல சேனல் பார்ட்னர்கள் ஒரே நேரத்தில் விற்பார்கள். சைட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் பெயரைவிட, யார் மூலம் வந்தீர்கள் என்பதைத்தான் கவனமாகக் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பு விழுந்துவிட்டால் இன்னொருவர் மூலம் நல்ல விலை பேச வழியில்லை. உங்கள் மீது உரிமைப் பத்திரம் பதிவாகிவிட்டது. நீங்கள் வீட்டை வாங்குமுன்பே உங்களை ஒருவர் வாங்கியிருப்பார்.

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் சித்தி மகனுக்குத் துணையாக இப்படி ஒரு சைட்டுக்குப் போனேன். மாதிரி வீட்டுக்குள் நுழைந்தவன் அசந்துவிட்டான். "அண்ணா, ஹால் எவ்ளோ பெரிசு பாருங்க!" பெரிசாகத்தான் தெரிந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. அறைகளுக்குக் கதவு இல்லை. கட்டில் வழக்கமான நீளத்தில் ஒரு சாண் குறைவு என்று படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பீரோ, பூஜை சாமான், துணி காயப்போடும் கொடி எதுவும் கிடையாது. வாசல் கிழக்கு பார்த்துத்தான் வேண்டும் என்று அவன் மனைவி சொன்னதும், "பால்கனி ஈஸ்ட் ஃபேசிங் மேடம்" என்று சட்டென்று பதில் வந்தது. வாஸ்துவில் பால்கனிக்கு எப்போது பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"எவ்வளவு சதுர அடி?" "2,400 சார், சூப்பர் பில்டப்." "கார்ப்பெட் ஏரியா?" "அதை மெயில் பண்ணிடறோம் சார்." மெயிலில் வந்தது 1,600 சொச்சம். நடுவில் காணாமல் போன இடம் வெளிச்சுவரிலும், பால்கனியிலும், படிக்கட்டிலும், லிஃப்ட் முன்னால் பளிங்கு பதித்த கூடத்திலும், கிளப் ஹவுஸிலும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, கார்ப்பெட் ஏரியா எது என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, உள் தடுப்புச் சுவர்கள் சேரும். சட்டம் அப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகியும் விற்பனை மேசையில் பேச்சு சூப்பர் பில்டப்பில்தான் நடக்கிறது. பெரிய எண்ணால் வகுத்தால் சதுர அடி விலை சின்னதாகத் தெரியும் அல்லவா?

இதையெல்லாம்விட முக்கியமானதை அந்த அணியில் ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மண்ணில் நம் பங்கு. அடுக்ககம் வாங்குகிறவர் கையில் நீண்ட காலத்துக்கு நிற்கப் போவது அதுதான். கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும், மண்ணுக்கு ஏறும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையின் அளவைப்போல் இரு மடங்கு கட்டலாம். அகலமான சாலையில் எழும் உயர்மாடிக்கு 3.25. அரசுக்குக் கட்டணம் கட்டினால் அதற்கு மேலும் பாதி வரை கிடைக்கும். கணக்குப் போடுங்கள். கட்டப்பட்ட 1,000 சதுர அடிக்கு, சாதாரணக் கட்டடத்தில் மண் 500 சதுர அடி. உயர்மாடியில் ஏறக்குறைய 308. கூடுதல் அனுமதியும் வாங்கிக் கட்டியிருந்தால் 205. விலை ஏற ஏற, மாடி ஏற ஏற, காலடி மண் சுருங்கிக்கொண்டே போகிறது.

தி.நகரிலும் கோடம்பாக்கத்திலும் முப்பது நாற்பது வருடத்துப் பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டித்தருகிறோம் என்று நிறுவனங்கள் வரிசையில் நிற்பது அந்த மண்ணுக்காகத்தான். லிஃப்ட் இல்லை, பெயின்ட் உரிந்துவிட்டது, கார் நிறுத்த இடமில்லை. ஆனாலும் அங்கே இரண்டாவது மாடிப் பாட்டியின் பெயரில் அறுநூறு சதுர அடி மண் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் வழி செய்திருக்கிறது. பாட்டிக்குப் புதுவீடு வந்துவிடும். முப்பது மாடிக் கோபுரத்துக்கு நாற்பது வயதாகும்போது யார் வந்து இடிப்பார்கள்? அந்த மனையில் கட்டக்கூடியதையெல்லாம் முதல் ஆளே கட்டித் தீர்த்துவிட்டார். இந்தக் கேள்வியை க்ளோசிங் மேனேஜரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி சார்" என்றார். காபி இன்னொரு முறை வந்தது.

இன்னொரு ரகசியமும் உண்டு. சென்னையில் பெரிய திட்டங்கள் பல கூட்டு முயற்சிகள். மனை ஒருவருடையது, கட்டுபவர் இன்னொருவர். வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 'ஓனர் ஷேர்', 'பில்டர் ஷேர்' என்று தரகர்கள் தங்களுக்குள் பேசுவது இதைத்தான். மனைக்காரர் பங்கிலிருந்து ஒரு வீடு சில சமயம் அதே கோபுரத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஏனென்றால் அவருக்கு விளம்பரச் செலவோ அணியோ இல்லை. கட்டுமான நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறவர் அதை ஏன் உங்களுக்குக் காட்ட வேண்டும்? டைரிக்காரரிடம் கேட்டிருந்தால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் கூட்டிப் போயிருப்பார்; இரண்டு பக்கக் கமிஷன்.

மண்ணின் பழைய கதையும் இந்த விற்பனையில் வராது. பெரம்பூரில் பின்னி மில் நிலத்தில் இன்று உயர்மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம். அசோக் நகர் உதயம் தியேட்டர் 2024இல் மூடப்பட்டது, அங்கும் அடுக்ககம்தான். புதிய கோபுரங்களுக்கு ஐரோப்பிய ஊர்களின் பெயரை வைக்கிறவர்கள் வாசலில் ஒரு கல்லில் இரண்டு வரி எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? எனக்கு இது தனிப்பட்ட ஆதங்கம், விட்டுவிடுவோம்.

சட்டம் இந்த விற்பனை அணிகளை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரெராவில் பதிவு செய்யாமல் யாரும் பதிவுபெற்ற திட்டத்தின் வீட்டை விற்றுத்தரக் கூடாது. மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், வீட்டு விலையில் ஐந்து சதவீதம் வரை. திட்டமே பதிவாவதற்கு முன் 'ப்ரீ லான்ச் விலை' என்று முன்பணம் வாங்குவது தவறு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது பன்னிரண்டாவது பிரிவு. விளம்பரத்திலோ, விவரக் குறிப்பிலோ, மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பிப் பணம் கொடுத்து, அது பொய்யாகி நஷ்டப்பட்டால் இழப்பீடு உண்டு. மாதிரி வீட்டைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதனால் சைட்டில் தரும் பளபளப்பான விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாதிரி வீட்டில் செல்ஃபிக்குப் பதில் கதவு இருக்கவேண்டிய இடத்தையும் தரையையும் குழாயையும் படம் எடுத்து வையுங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பு குறைவு. "பதினெட்டாவது மாடிக்கு மேல கடல் தெரியும் சார்" என்று மாடிக்கு மாடி சதுர அடி விலையை ஏற்றி வாங்குவார்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகள் வரும், கடல் வராது. முன்னால் இன்னொரு கோபுரம் எழுந்தால் அதன் பதினெட்டாவது மாடிக்காரர் அதே கடலை வாங்கியிருப்பார்.

சித்தி மகன் வாங்கினானா? வாங்கினான். வேறு ஒரு திட்டத்தில், கட்டி முடித்துப் பணி நிறைவுச் சான்று வந்தபின். அப்படி வாங்கினால் ஐந்து சதவீத ஜிஎஸ்டி கிடையாது. பதிவுச் செலவில் மட்டும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் தமிழக அரசு புது அடுக்ககங்களுக்குக் கொண்டுவந்த சலுகைப் படிக்கட்டில் 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. அவன் வாங்கியது மேல்படியில்.

குடிபோய்ப் பார்த்தால் அவன் மாடியில் பாதி வீடு இருட்டு. முதலீட்டுக்காக வாங்கியவர்கள், சாவி வாங்கிய கையோடு விற்கக் காத்திருக்கிறார்கள். அவனுக்கும் இப்போது துபாய் வேலை நீண்டுவிட்டதால் விற்கலாமா என்ற யோசனை. விசாரித்தபோது, அன்று காரில் கூட்டிப் போன அதே அணிதான் மறுவிற்பனையும் பார்க்கிறது என்று தெரிந்தது. போன் செய்தான். நல்ல மரியாதையோடு பேசினார்களாம். இந்த முறை கட்டுமான நிறுவனம் நடுவில் இல்லை, அதனால் கமிஷன் அவன் தர வேண்டும்: இரண்டு சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "சரின்னு சொல்லிட்டேன் அண்ணா, இப்பவாவது நம்ம ஆளா இருப்பாங்கல்ல?" என்றான். வாங்க வருகிறவரிடமும் இரண்டு சதவீதம் கேட்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.