வண்டி வருவதற்கு முன்னால்



2022 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கேரளம் வந்திறங்கிய ஒருவருக்குக் குரங்கம்மை இருப்பது உறுதியானது. இந்தியாவில் அதுதான் முதல் தொற்று. அவரை நெருங்கியிருந்தவர்கள் என்று சுகாதாரத் துறை எடுத்த பட்டியலில் பெற்றோரும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர்களும் இருந்தார்கள். கூடவே, ஒரு டாக்ஸி ஓட்டுநர், ஓர் ஆட்டோ ஓட்டுநர்.

அதைப் படித்தபோது எனக்கு 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆட்டோக்காரர் சாலையைப் பார்த்து ஓட்டுகிறார். ஆம்புலன்ஸில் இருக்கும் மருத்துவ உதவியாளர் நோயாளியைத் தூக்குகிறார், நாடி பார்க்கிறார், நரம்பு தேடி ஊசி போடுகிறார், கடைசியில் விரிப்பையும் அவரே சுருட்டுகிறார். இந்த வைரஸ் பெரும்பாலும் தொடுகையில்தான் பரவுகிறது: கொப்புளம், அதன் நீர், உதிரும் பொருக்கு, அவை பட்ட துணி. முகத்துக்கு முகம் நெருங்கியிருந்தால் மூச்சுவழியாகவும் வரலாம்.

பார்த்தவுடன் சின்னம்மை என்றுதான் தோன்றும். குரங்கம்மையில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டும். சின்னம்மையில் அப்படிக் கட்டுவது குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சின்னம்மையில் புதிதும் காய்ந்ததும் கலந்து கிடக்கும். குரங்கம்மையில் ஓரிடத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும். ஆனால் 2022இல் காய்ச்சலே இல்லாமல், மறைவிடத்தில் ஒன்றிரண்டு கொப்புளங்களோடு வந்தவர்களும் உண்டு. எனவே இன்ன நோய் என்று வண்டியிலேயே முடிவுகட்ட வேண்டியதில்லை. சந்தேகப்பட்டால் போதும். கடந்த 21 நாட்களில் எங்கே போனீர்கள், இப்படிக் கொப்புளம் கண்டவர் யாருடனாவது நெருங்கியிருந்தீர்களா என்று கேட்டால் போதும்.

பிறகு கையுறை, முழுக்கை அங்கி, கண்ணாடி, என்-95 முகக்கவசம். நோயாளிக்கும் ஒரு முகக்கவசம். கொப்புளங்களின் மேல் சுத்தமான விரிப்பு. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே தகவல் சொல்லிவிட வேண்டும். இறக்கிவிட்டபின் ஒன்றை மறக்கக் கூடாது: விரிப்பை உதறக் கூடாது. எதையும் படாரென்று ஓர் உதறு உதறி மடித்தால்தான் நமக்கெல்லாம் திருப்தி! அந்த உதறலில்தான் பொருக்குத் தூள் பறக்கும். மெல்லச் சுருட்டிப் பையில் கட்டிவிட்டு, வண்டியைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பம் ஆகாது. கவசமின்றித் தொட்டுவிட்டவர் 21 நாள் தன் உடம்பைக் கவனித்துவர வேண்டும்.

2024 செப்டம்பரில் இந்த வைரஸின் புதிய வகையொன்றும் கேரளத்துக்கு வந்தது, மலப்புரத்தில். அதுவும் அமீரகத்திலிருந்து திரும்பியவருக்குத்தான். வளைகுடாவில் பிள்ளைகள் வேலைபார்க்கும் வீடுகள் நம் ஊர்களிலும் எத்தனையோ.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். படியேறுமுன்பே வருகிறவருக்கு விஷயம் தெரிந்துவிடும். 108இல் வருகிறவருக்கு அந்த வேப்பிலை போனில் தெரியாது. காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் கொப்புளம் இருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகவில்லையென்றால், அழைக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள். கையுறையை அவர்கள் வழியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்