பனடோல் கார்டில் தமிழ் எங்கே?



அன்புவழிபுரத்தில் ஒரு சில்லறைக் கடையில் இரண்டு பனடோல் கேட்டுப் பாருங்கள். கத்தரிக்கோலால் கார்டிலிருந்து வெட்டித் தருவார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் திகதி கடையில் மிஞ்சிய துண்டோடு தங்கிவிடும். கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை; கையில் சில்லறை மட்டும் உள்ளவன் முழுக் கார்ட் கேட்கமாட்டான். ஆனால் முழுக் கார்டை வாங்கினாலும் எழுத்து ஆங்கிலம்தான். அதுவும் எறும்பு ஊர்ந்த மாதிரி.

இது சின்ன விஷயம் அல்ல. 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசை, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மீறினால் ஈரல் கெடும். பிள்ளைக்கு வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து அளவு. தடிமனுக்கு வாங்கும் பல குளிசைகளுக்குள்ளும் இதே பரசிட்டமோல்தான் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று என்று விழுங்குகிறவர், ஒரே மருந்தை இருமடங்கு விழுங்குகிறார். அவருக்கு யார் சொன்னார்கள்?

நம் மாவட்டம் இதை மறந்திருக்காது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்த ஆண்டின் ஆரம்பத்தில் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இபுப்ரோபன், டைக்ளோபெனாக் எடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். உடம்பு உளைவு தாங்காதவர் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இவற்றைத்தான். “டெங்கு சந்தேகம் என்றால் இதைக் குடிக்காதே” என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

பார்மசிக்குப் போய் விளக்கம் கேட்கலாமே என்பார்கள். தோட்டத்தில் உள்ள நம் சொந்தங்களுக்கு, டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால்தான் லயத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு குளிசையோடு மலை ஏறுகிறார்கள்.

சட்டம் இல்லாமலா? 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உண்டாக்கியது. அதன் பதிவு இல்லாமல் ஒரு மருந்தும் சந்தைக்கு வரக்கூடாது. பதிவு கேட்டு வரும் கம்பெனியிடம், சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டு வா என்று சொல்ல அந்தச் சபைக்கு என்ன தயக்கம்?

இடம் போதாது என்பது கம்பெனிகளின் பழைய பாட்டு. சிகரெட் கம்பெனியும் எச்சரிக்கைப் படத்துக்கு எதிராக நீதிமன்றம் வரை போனது. 2015இல் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சட்டம் வந்தது. பெட்டியில் தமிழும் ஏறியது. புகைக்கிறவனுக்குத் தமிழில் சொல்ல முடிந்த அரசுக்கு, காய்ச்சல்காரனுக்குச் சொல்ல முடியாதா? வியாபாரப் பெயரைப் பெரிதாகப் போட இடம் இருக்கிறதே! பேராசிரியர் சேனக பிபிலே 1970களிலேயே, மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழையுங்கள் என்று போராடினார். அந்தப் பெயர் இன்றும் கார்டின் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்பது இதுதான். மருந்தின் சொந்தப் பெயர், ஒரு நாள் உச்ச அளவு, யார் எடுக்கக்கூடாது, காலாவதித் திகதி — இவை தமிழிலும் சிங்களத்திலும், வெட்டினாலும் மிஞ்சும்படி ஒவ்வொரு குளிசையின் பின்புறத்திலும் வேண்டும். சிரப் போத்தலோடு அளவுக் கரண்டி கட்டாயம் வேண்டும்.

வீட்டில் கிடக்கும் வெட்டிய கார்ட் துண்டுகளை எறியாதீர்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மனுவோடு அவற்றையும் சேர்த்து அதிகாரசபைக்கு அனுப்புவோம். அங்குள்ள அதிகாரிகள் வாசித்துப் பார்க்கட்டும்.